பயணிகளே ஏறாத பயணிகள் கப்பல்கள்: பிரிட்டானிக் தவிர வேறு உண்டா?

காகிதக்கப்பல்:
வணக்கம். நானும் மகளும் (ஏழாம் வகுப்பு) சேர்ந்து அட்டையில் கப்பல் செய்து வருகிறோம். ஒயிட் ஸ்டார் கம்பெனியின் மூன்று சகோதரக் கப்பல்களில் ஒலிம்பிக், டைட்டானிக் முடிந்தது. இப்போது மூன்றாவது, பிரிட்டானிக். முதல் இரண்டுக்கும் கறுப்பு அடித்தோம். இதற்கு மட்டும் வெள்ளை அடித்து, பச்சைப் பட்டை போட்டு, சிவப்புச் சிலுவை வரைய வேண்டும் என்றதும் "ஏன்?" என்றாள்.

1914 பிப்ரவரியில் பெல்பாஸ்ட்டில் நீரில் இறக்கினார்கள், உள்வேலை முடிவதற்குள் போர் வந்துவிட்டது, 1915 கடைசியில் ஆஸ்பத்திரிக் கப்பலாக்கினார்கள், மறு வருஷமே கிரேக்கத் தீவு ஒன்றின் பக்கத்தில் மூழ்கிவிட்டது, டிக்கெட் வாங்கிய ஒரு ஆள்கூட அதில் ஏறியதில்லை என்று சொன்னேன். "அப்போ அதை ஏன் பயணிகள் கப்பல்னு சொல்றோம்?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

இப்படி வேறு கப்பல்கள் உண்டா? அப்புறம் இன்னொன்று. டைட்டானிக் மூழ்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதைப் பார்த்து அத்தனை திருத்தம் செய்து கட்டிய பிரிட்டானிக் 55 நிமிடத்தில் போனது எப்படி?

குறுக்குச்சந்து:
ஜெர்மனியின் ஃபாட்டர்லாண்ட். 1940 ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் நீரில் இறக்கி அப்படியே நிறுத்திவைத்தார்கள். 1943 ஜூலை குண்டுவீச்சில் எரிந்தது, 1948-இல் உடைத்தார்கள். ஒரு மைல்கூடச் சொந்தமாக ஓடியதில்லை. இதே பெயரில் முதல் உலகப் போருக்கு முன்பே ஒன்று ஓடியது, அது பிறகு அமெரிக்கர் கைக்குப் போய் லெவயதன் ஆனது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கரையேறிய எஞ்சினியர்:
தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். இருபத்தாறு வருஷம் எஞ்சின் ரூமில் கிடந்தவன் நான்.

பிரிட்டானிக் கண்ணிவெடியில் பட்டது 1916 நவம்பர் 21, காலை 8.12. கப்பல்காரனுக்கு அந்த நேரத்தைச் சொன்னாலே போதும். நாலு–எட்டு வாட்ச் (நாலு மணி நேர முறைவேலை) ஆள் மேலே ஏற, எட்டு–பன்னிரண்டு ஆள் கீழே இறங்குகிற நேரம். ஆள் மாறுவதற்காக, தண்ணீர் புகாத கதவுகள் திறந்திருந்தன. வெடித்த அதிர்ச்சியில் 6-ஆம் பாய்லர் ரூமுக்கும் 5-க்கும் நடுவே இருந்த கதவு சரியாக மூடவில்லை. ஆறு அறை நிறைந்தாலும் மிதக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கப்பல்தான். அதோடு நின்றிருந்தால் பிழைத்திருக்கலாம்.

முடித்துவைத்தது போர்ட்ஹோல், அதாவது கப்பலின் பக்கவாட்டில் இருக்கிற வட்ட ஜன்னல். நோயாளிகளை ஏற்றப் போகிறோம், வார்டுக்குக் காற்று வரட்டும் என்று நர்ஸ்கள் திறந்துவைத்திருந்தார்கள். முகப்பு தாழத் தாழ அந்த வரிசை நீர்மட்டத்துக்கு வந்தது. ஒன்று சோற்றுத் தட்டு அகலம்தானே என்று நினைக்காதீர்கள். என் முதல் கப்பலில், வேர்வை தாங்காமல் கேபின் போர்ட்ஹோலைத் திறந்து போட்டுவிட்டு வாட்சுக்கு இறங்கிவிட்டேன். ஏறி வந்து பார்த்தால் ரப்பர் செருப்பும், வீட்டுக்குப் பாதி எழுதிய கடிதமும் மிதந்துகொண்டிருக்கின்றன. வந்தது ஒரே அலை. போசன் (மேல்தள ஆட்களின் மேஸ்திரி) ஒன்றும் பேசாமல் வாளியை நீட்டினார். நாற்பது வாளிக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். அங்கே எத்தனை போர்ட்ஹோல் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேப்டன் பார்ட்லெட், பக்கத்தில் இருந்த கேயா என்ற கிரேக்கத் தீவில் கொண்டுபோய்த் தரைதட்ட வைக்கலாம் என்று எஞ்சினை ஓட்டினார். ஓட ஓட நீர் இன்னும் வேகமாக ஏறியது. அதற்குள் உத்தரவு இல்லாமல் இறக்கிய இரண்டு படகுகளைச் சுற்றிக்கொண்டிருந்த புரொப்பெல்லர் இழுத்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் இறந்தது 30 பேர், பெரும்பாலும் அந்தப் படகுகளில் இருந்தவர்கள். டைட்டானிக்கில் பிழைத்த வயலட் ஜெசாப் இங்கேயும் இருந்தார். படகிலிருந்து குதித்து, தலையில் அடிபட்டுத் தப்பினார். கப்பல் 269 மீட்டர் நீளம், கடல் அங்கே சுமார் 120 மீட்டர் ஆழம். பின்பக்கம் நீருக்கு மேலே நிற்கும்போதே மூக்கு தரையில் குத்திவிட்டது.

இனி முதல் கேள்வி. அதே பெல்பாஸ்ட் தளத்தில் டச்சு கம்பெனிக்காகக் கட்டிய ஸ்டாட்டென்டாம் 1914 ஜூலையில் நீரில் இறங்கியது. பிரிட்டன் எடுத்துக்கொண்டு, ஜஸ்டீசியா என்று பெயர் மாற்றி, 1917-இல் துருப்புக் கப்பலாக்கியது. லூசிட்டானியா கப்பலைப் போரில் இழந்த கியூனார்டு கம்பெனிக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். ஓட்ட ஆள் சேரவில்லை. ஒயிட் ஸ்டாரிடம் கப்பல் போய் ஆள் மிச்சம் இருந்தது, பிரிட்டானிக்கின் ஆட்கள்தான்! அவர்களிடம் போயிற்று. 1918 ஜூலை 19-இல் நான்கு டார்பிடோ வாங்கியும் மிதந்தது, மறுநாள் இன்னொரு நீர்மூழ்கி இரண்டு விட்டது. இறந்த 16 பேரும் எஞ்சின் ரூம் ஆட்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மைனாக்குஞ்சு:
இத்தாலிக்காக ஸ்காட்லாந்தில் கட்டத் தொடங்கிய கோண்டே ரோஸ்ஸோவைச் சேர்க்க மாட்டீர்களா? போரில் வேலை நின்றது. 1916-இல் பிரிட்டிஷ் கடற்படை வாங்கி, மேலே இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஒரே மொட்டைமாடியாகப் போட்டது. புகைபோக்கிகூடக் கிடையாது, புகையைக் குழாய் வழியாகப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். 1918-இல் வந்த அந்த ஆர்கஸ்தான் முழுநீளத் தளம் கொண்ட முதல் விமானந்தாங்கி. இரண்டாம் உலகப் போரிலும் உழைத்தது.

ஜப்பானில் காஷிவாரா மாரு, இசுமோ மாரு. 1940 டோக்கியோ ஒலிம்பிக்கை நம்பித் திட்டமிட்டவை. செலவில் 60 சதவீதம் அரசு கொடுத்தது, தேவைப்பட்டால் விமானந்தாங்கியாக மாற்றிக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு. ஒலிம்பிக்கும் நடக்கவில்லை, பயணிகளும் ஏறவில்லை. ஜுன்யோ, ஹியோ என்று போருக்குப் போயின. ஹியோ 1944 ஜூனில் மூழ்கியது. ஜுன்யோ அடிபட்டும் தப்பி, போருக்குப் பிறகு உடைபட்டது. இவற்றுக்கெல்லாம் என்ன நிறம் அடிப்பது என்று மகள் கேட்டால் நான் பொறுப்பல்ல.

குறுக்குச்சந்து:
பிரிட்டானிக்கின் ஆர்கன் (காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் பெரிய இசைக்கருவி) விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. அதன் பெரிய மாடிப்படிக்கென்று ஜெர்மனியில் வெல்டே கம்பெனி தானாக வாசிக்கும் குழாய் ஆர்கன் ஒன்றைச் செய்தது. போர் வந்ததால் கப்பலுக்குப் போகவே இல்லை. கை மாறி மாறி இப்போது ஸ்விட்சர்லாந்தில் ஸேவன் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதற்காகச் செய்தது என்பதே மறந்துபோய்விட்டது. 2007-இல் பழுதுபார்க்கக் கழற்றியபோதுதான் உள்ளே மரச்சட்டத்தில் "பிரிட்டானிக்" என்ற முத்திரை கண்ணில் பட்டது, அதுவும் எழுத்துப்பிழையோடு. இன்றும் வாசிக்கிறது.

காகிதக்கப்பல்:
எல்லோருக்கும் நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். போர்ட்ஹோல்களைக் கறுப்புப் பேனாவால் புள்ளி வைக்காமல் ஊசியால் துளைத்தே ஆக வேண்டுமாம், திறந்திருந்ததாம். முந்நூறைத் தாண்டிவிட்டோம், என் கட்டைவிரல் போய்விட்டது. தீப்பெட்டியில் குச்சிகளை நிறுத்தி ஒரு ஆர்கன் செய்து, மேல்தளத்தை மூடுவதற்கு முன் மாடிப்படி இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டாள்.

கரையேறிய எஞ்சினியர்:
தம்பி, ஆர்கன் கப்பலுக்குள் போகவே இல்லை. வெளியே எடுத்துவிடுங்கள்.

காகிதக்கப்பல்:
ஒட்டியாகிவிட்டது அண்ணாச்சி.