சிங்கப்பூரின் கோடு எது? – பிள்ளைகளுக்கு மலேசியக் கொடியைச் சொல்லிக் கொடுத்த அனுபவங்கள்

செந்தூல் ஆசிரியை:
ஐந்தாம் ஆண்டு வரலாற்றுப் பாடம். மலேசியா உருவான 1963 செப்டம்பர் 16-இல் சபா, சரவாக், சிங்கப்பூர் ஆகியவை இணைந்ததால், அதுவரை 11 ஆக இருந்த கோடுகளும் நட்சத்திர முனைகளும் 14 ஆயின என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் அடிக்கோலால் படத்தில் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே வந்து, "சிங்கப்பூரின் கோடு எது, டீச்சர்?" என்று கேட்டான். எந்தக் கோடும் எந்த மாநிலத்துக்கும் தனியே உரியதன்று என்றும், எல்லாம் ஒரே அகலத்தில் இருப்பதே சமநிலைக்கு அடையாளம் என்றும் சொன்னேன். சிங்கப்பூர் 1965-இல் பிரிந்த பின், 13 மாநிலங்களோடு கூட்டரசு அரசாங்கத்தையும் சேர்த்து 14 என்று கொள்கிறோம் என்றேன். "அப்படியானால், அது பிறகு கொடுத்த அர்த்தம்தானே?" என்றான். ஆமாம் என்றேன். அவன் அடிக்கோலைக் கீழே வைக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கொடியின் பொருள் காலத்தோடு மாறியதை நீங்கள் பிள்ளைகளுக்கு எந்த வயதில் சொல்கிறீர்கள்?

பட்டர்வொர்த் அம்மா:
எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் என் மாமனார். பாலர் பள்ளியில் படிக்கும் மகள் கொடியை வரைந்துகொண்டிருந்தபோது, அவரும் ஒரு தாளை எடுத்து, மலேசியா உருவாகுமுன் தாம் பள்ளியில் வரைந்த மலாயாக் கொடியை வரைந்தார். "தாத்தா, உங்கள் கொடி சிவப்பில் முடிகிறது, தப்பு" என்று அவள் அழிப்பானை நீட்டினாள். 11 கோடுகள் என்றால் மேலும் கீழும் சிவப்பாகத்தான் இருக்கும். 14 ஆன பிறகே அடிக்கோடு வெள்ளையானது. அவர் அழிப்பானை வாங்க மறுத்து, "1957-இல் மெர்டேக்கா அன்று, சுதந்திரம் கிடைத்த நாளில், பறந்தது இதுதான்மா, இதை எப்படி அழிப்பது?" என்றார். குரல் தழுதழுத்துவிட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு அது புரிந்தது. ஆகவே வயதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் ஓய்வாசிரியர்:
மேலே எழுதிய சகோதரியின் வீட்டில் தாத்தா இருக்கிறார். அந்த வாய்ப்பு இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிதான் சொல்ல வேண்டும். ஒரு பேச்சுப் போட்டியில், நீலம் ஒற்றுமை, மஞ்சள் அரசர்களின் நிறம் என்று மளமளவென்று ஒப்பித்த மாணவி, "இதை வரைந்தவர் யார்?" என்று நடுவர் கேட்டதும் வாயடைத்து நின்றாள். கொடி வானத்திலிருந்து விழுந்தது என்றே அவள் நினைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பொருளைச் சொல்வதற்கு முன் கொடியை வடிவமைக்க நடந்த போட்டியைச் சொல்லுங்கள். 1949-இல் நடந்த அந்தப் போட்டிக்கு 373 வடிவங்கள் வந்தன. மூன்று தேர்வாகி மக்களின் கருத்துக்கு விடப்பட்டன. ஜொகூர் பொதுப்பணித் துறையில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய முகமது ஹம்சாவின் வடிவம் வென்றது. அவர் வரைந்த ஐந்து முனை நட்சத்திரம் அப்படியே ஏற்கப்படாமல் 11 முனைகளாக மாற்றப்பட்டது. 1950 மே 26-இல் கொடி முதன்முறை ஏற்றப்பட்டது. ஜாலூர் கெமிலாங் என்ற பெயர் 1997-இல்தான் வந்தது. வகுப்பிலேயே பிள்ளைகளை வரையச் சொல்லி, மூன்றைத் தேர்ந்து வாக்கெடுப்பு நடத்துங்கள். தோற்ற பிள்ளையையும் தன் வடிவத்தை விளக்கச் சொல்லுங்கள். இயன்றால் மெர்டேக்கா சதுக்கத்துக்கு அழைத்துச் சென்று, பிரிட்டிஷ் கொடி நள்ளிரவில் இறக்கப்பட்ட இடம் இதுதான் என்று காட்டுங்கள். பொருள் பிறகு கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி அப்போது அவர்களை அச்சுறுத்தாது.

ஆயர் ஈத்தாம் தந்தை:
ஐயா, வாக்கெடுப்பெல்லாம் நல்லதுதான், ஆனால் பிள்ளைகள் கேட்பது ஆண்டுகளை அல்ல. கோயில் வாசலில் கொடியைப் பார்த்த என் மகன், "அப்பா, நம் சிவன் தலையில் இருக்கும் பிறைதானே அது?" என்று எல்லார் முன்னிலையிலும் உரக்கக் கேட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. கொடியில் உள்ள பிறை இஸ்லாத்தைக் குறிக்கிறது, அதுவே கூட்டரசின் சமயம், நம் சமயத்தை நாம் அமைதியாகப் பின்பற்றவும் அதே அரசியலமைப்பு இடம் தருகிறது என்று அவனிடம் நேராகவே சொன்னேன். முகம் சற்று வாடியது. "அப்போ நாம் எங்கே இருக்கிறோம்?" என்றான். நீலத்தைக் காட்டினேன்.

செந்தூல் ஆசிரியை:
ஓய்வாசிரியர் சொன்னபடி வாக்கெடுப்பை நடத்திப் பார்க்கிறேன். ஆயர் ஈத்தாம் அன்பரே, உங்கள் மகன் கேட்டதை என் வகுப்பிலும் ஒரு நாள் யாராவது கேட்பார்கள். நீலத்தோடு அந்தச் சம அகலக் கோடுகளையும் காட்டலாம் என்று நினைக்கிறேன். இந்த நாட்டின் ஏதோவொரு மாநிலத்தில்தானே நாம் எல்லாரும் பிறந்து வளர்ந்திருக்கிறோம்.