மகிசின் தைக்கிறேன், சுருக்கு ஒரு பக்கமாகவே குவிகிறது

வானதி, தண்டர் பே:
வணக்கம். இங்கே கனடாவில், ஓஜிப்வே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த அம்மா ஒருவரிடம் மகிசின் தைக்கப் பழகுகிறேன். அவர்கள் மொழியில் சப்பாத்துக்கு அதுதான் பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் மொக்கசின் என்பதும் இதற்கு உறவான சொல். புகையூட்டிய மூஸ் (பெரிய மான் வகை) தோல், மேலே நாக்கு வடிவில் கறுப்பு வெல்வெட். அந்த வெல்வெட்டில் பாசிமணிப் பூ வேலை முடிக்கவே ஒரு மாதம் போனது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். அடித்தோலைச் சுருக்கி வெல்வெட்டோடு சேர்க்க வேண்டும். இடது ஓரத்தில் தொடங்கி கால்விரல் நுனியைச் சுற்றி வலது ஓரத்துக்கு வந்தேன். முடிவில் இரண்டு விரல் அகலத் தோல் மிச்சம்; பூவும் சுண்டுவிரல் பக்கம் திரும்பிவிட்டது. அம்மா வாங்கிப் பார்த்தார், "பிரி" என்று மட்டும் சொன்னார். அடுத்த வகுப்பு செவ்வாய்க்கிழமை. அதற்குள் ஒழுங்காகத் தைத்துக் காட்ட ஆசை. எங்கே பிழை?

ஊசிநூல்:
ஓரத்தில் தொடங்கியதுதான் அக்கா. இரண்டு துண்டிலும் விரல் நுனியின் நடுவைப் பென்சிலால் குறித்து, முதல் தையலை அங்கே போடுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபடி நடுவுக்கு வந்து மறுபக்கம். விரல் வளைவில் ஒவ்வொரு தையலுக்கும் வெல்வெட்டில் எடுப்பதைப்போல இரண்டு மடங்கு தோலில் எடுத்தால் சுருக்கு தானாக விழும். பக்கவாட்டுக்கு வந்ததும் இரண்டிலும் ஒரே அளவு. சுருக்கை எண்ணிக்கொண்டே போங்கள். வலதில் எத்தனையோ இடதிலும் அத்தனை.

வின்னிபெக் சிவா:
முப்பட்டை ஊசிதானே பாவிக்கிறீர்கள்? சாதாரண ஊசியால் மூஸ் தோலைக் குத்தினால் கைதான் புண்ணாகும். செயற்கை நார் நூல் தடிப்பாக இருந்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிரியுங்கள். முடித்ததும் தோலை லேசாக ஈரமாக்கி, கரண்டியின் முதுகால் சுருக்குகளை அழுத்தித் தேயுங்கள். பயப்பட வேண்டாம், புகையூட்டிய தோல் நனைந்து காய்ந்தாலும் மெதுமையாகவே இருக்கும். புகை போடுவதே அதற்காகத்தான். ஹீட்டர் மேல் மட்டும் காய வைக்காதீர்கள்.

மணிமேகலை:
ஓஜிப்வே என்ற பெயரே இந்தச் சுருக்குத் தையலால் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அந்த அம்மா "பிரி" என்றதில் நியாயம் இருக்கிறது தங்கச்சி.

வானதி:
நேற்று இரவு முழுவதையும் பிரித்தேன். பழைய துளைகளில் பாதிக்கு மேல் புதுச் சுருக்குக்குள் மறைந்துவிட்டன. வலதில் ஒன்பது, இடதில் ஒன்பது. பூவின் தண்டு இப்போது பாதத்தின் நடுவில் நேராக நிற்கிறது. கரண்டியால் தேய்க்கத் தேய்க்க ஈரத் தோலிலிருந்து விறகடுப்பு வாசம் எழுந்து, அறை முழுக்க நிறைந்துவிட்டது. குதிகால் தையலை அம்மா முன்னால் உட்கார்ந்து போடுகிறேன். எல்லோருக்கும் மீக்வெச், அவர் சொல்லித் தந்த நன்றி.