அக்கி: பட்டவர்களும் வீட்டில் பார்த்தவர்களும் எழுதுங்கள்

பொன்னிக்கரை:
அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. இடது மார்புக்குக் கீழே குத்துகிறது என்றதும் ராத்திரியே ஆட்டோ பிடித்து ஓடினோம். ஈசிஜி நார்மல். வாய்வுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வலி போகவே இல்லை, புடவைத் தலைப்பு பட்டாலே எரிகிறது என்றார். அப்புறம் ஒரு நாள் காலையில் முதுகு தேய்க்கக் கூப்பிட்டபோதுதான் பார்த்தேன். நடு முதுகில் தொடங்கி இடது விலா வழியாக முன்பக்கம் வரை, பட்டையாகச் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். வலது பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நடு முதுகோடு நின்றுவிட்டது.

தோல் டாக்டர் ஒரே பார்வையில் அக்கி என்றார். “சின்னம்மை எப்போம்மா வந்துச்சு?” என்று கேட்டார். “பாவாடை சட்டை போடுற வயசுல ஆத்தா வந்தா, தலைக்குத் தண்ணி ஊத்தி அனுப்பிட்டோம்” என்றார் அம்மா. “அவ எங்கேயும் போகல. இத்தனை வருஷமும் உங்க முதுகுத்தண்டுக்குப் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா” என்றார் டாக்டர். விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். எனக்கு இன்னும் அந்த இடத்தைவிட்டு மனசு நகரவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி?

செம்மண்:
தங்கச்சி, எங்கள் ஊர்ப் பக்கம் அக்கி என்றால் நேரே மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குத்தான். என் பெரியப்பாவுக்குத் தோளில் வந்தது. திண்ணையில் உட்கார வைத்து, செங்காவியைக் குழைத்து எழுதினார்கள். ராத்திரி எல்லாம் புரண்டுகொண்டிருந்த மனுஷன், “குளுகுளுன்னு இருக்கு” என்று சொல்லி எழுதி முடிப்பதற்குள் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டார். அதை நானே பார்த்தேன். அக்கி உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் தேறாது என்று பக்கத்து வீட்டு ஆயா வேறு பயமுறுத்தினார். சேரவே இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் எல்லாம் வாடி உதிர்ந்துவிட்டது. உடம்புச் சூட்டில் வருவதற்கு எதற்கு இத்தனை மருந்து?

நைட்_டூட்டி:
செம்மண் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்றும் பூசாமல் விட்டாலும் கொப்புளம் ஏழு முதல் பத்து நாளில் பொருக்கு கட்டிவிடும். காவி குளிர்ச்சியாக இருந்திருக்கும், சரி. அதற்காகக் காவிதான் குணப்படுத்தியது என்று ஆகாது. தலையும் வாலும் சேராததற்கும் காவி காரணமில்லை. சின்னம்மை ஆறும்போது அதை உண்டாக்கிய வைரஸ் நரம்பு வழியாகப் போய், முதுகுத்தண்டை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. பல வருஷம் கழித்து அக்கியாக வெளியே வரும்போது பெரும்பாலும் ஒரு முடிச்சிலிருந்துதான் கிளம்பும். அந்த நரம்பு எவ்வளவு தோலுக்குப் போகிறதோ அவ்வளவு இடத்தில் மட்டும் கொப்புளம் போடும். இடது நரம்பு வேறு, வலது நரம்பு வேறு. எதிர்ப்பு சக்தி ரொம்பவே அடிபட்டவர்களுக்குத்தான் உடம்பு முழுக்கப் பரவும். அப்படி ஒருவரை வார்டில் பார்த்திருக்கிறேன், சிறுநீரக மாற்று செய்துகொண்டு அதற்கான மாத்திரைகளில் இருந்தவர். விடியும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், அவர் கையைக்கூடத் தொட முடியவில்லை.

இத்தனை வருஷம் அதை அடக்கி வைத்திருப்பது டி அணுக்கள் என்கிற வெள்ளையணுக்கள். ரத்தத்தில் இருக்கும் எதிர்பொருள் மட்டும் இதற்குப் போதாது. வயது 50 தாண்டும்போது இந்த வைரஸை அடையாளம் வைத்திருக்கும் டி அணுக்கள் குறைந்துகொண்டே வரும். ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து, எச்ஐவி எல்லாம் அதை இன்னும் குறைக்கும். சர்க்கரைக்காரர்களுக்கும் கூடுதல் வாய்ப்பு உண்டு.

மேட்டுப்பாளையத்தான்:
கொப்புளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் மாமனாருக்குக் கொப்புளம் ஆறி, தழும்பும் மங்கிவிட்டது. வலி மட்டும் ஒரு பொங்கலில் ஆரம்பித்து அடுத்த பொங்கலையும் பார்த்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதவர். கல்யாண வீட்டில் சட்டைத் துணி விலாவில் படாமல் இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தபடியே நின்றார். மொய் எழுத ஒரு கை, சட்டைக்கு ஒரு கை. ஃபேன் காற்று பட்டால்கூட ஸ்ஸ் என்பார். நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரை கொடுத்தார்கள், தலை சுற்றியது, அளவைக் குறைத்தார்கள். எழுதி ஆற்றிவிட்டோம் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

அடையாறு_சுமி:
எங்கள் வீட்டில் இது பெரிய சண்டையே ஆகிவிட்டது. மாமியாருக்கு இடுப்பில் அக்கி. “அக்கி ஒட்டாது” என்று எல்லோரும் சொல்லவே, நாத்தனார் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்துக் குழந்தைக்கு மேலெல்லாம் சின்னம்மை. கொப்புளத் தண்ணீரில் வைரஸ் இருக்கிறதாம். அது அம்மையும் வராமல் தடுப்பூசியும் போடாமல் இருப்பவர்களுக்குச் சின்னம்மையாக வருமாம், அக்கியாக வராதாம். டாக்டர் சொன்ன பிறகும், நான் வைத்த மீன் குழம்பால்தான் வந்தது என்று நாத்தனார் இன்றுவரை சொல்கிறார். தாளிப்புச் சத்தம் கேட்டால் அம்மைக்கு ஆகாதாம்.

ஓய்வு_ஆசிரியர்:
எனக்கு நெற்றியில் வந்தது. மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம். அதைப் பார்த்ததும் தோல் டாக்டர் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, “இப்போதே கண் டாக்டரைப் பாருங்கள்” என்று சீட்டு எழுதினார். மூக்கு நுனிக்குப் போகும் நரம்புக் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. என் கருவிழி தப்பியது. அவ்வளவுதான் என் கதை.

இனி யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மருந்தைத் தொடங்குங்கள். அசைக்ளோவிர் என்றால் வழக்கமாக 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். வாலாசைக்ளோவிர் என்றால் 1 கிராம், மூன்று வேளை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், ஆகவே கடையில் கேட்டு நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். ஒரு பக்கமாகத் தோல் எரிந்தால், கொப்புளம் வரும்வரை அந்த இடத்தைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். நெஞ்சு வலிக்கு ஈசிஜி எடுக்க ஓடியதில் தப்பே இல்லை, அது முதலில் செய்ய வேண்டியது. காதில் கொப்புளம் வந்து வாய் கோணினாலும் அவசரம்தான். சின்னம்மை வந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்து உண்டு.

தடுப்பூசிக்கு வருகிறேன். சின்னம்மை ஊசியை 1974-இல் ஜப்பானில் மிச்சியாகி தகாஹாஷி உருவாக்கினார். அவருடைய மகனே சின்னம்மையில் கடுமையாக அவதிப்பட்டதைப் பார்த்த பிறகு இறங்கிய வேலை அது. அக்கிக்குத் தனி ஊசி, ஷிங்ரிக்ஸ். அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றையும், எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் ஒரு பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் 97 சதவீதம் தடுத்தது. இந்தியாவில் 2023-இல் வந்தது. விலை அதிகம், போட்ட அன்று கை கனக்கும், சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும். இதைப் பென்ஷன்காரர்கள் சங்கத்திலும் சொன்னேன், பாதிப் பேர் விலையைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார்கள்.

பொன்னிக்கரை:
சார், ஒரு தடவை வந்துவிட்டதே, அம்மாவுக்கு இனி எதற்கு ஊசி என்கிறார்கள் வீட்டில்.

நைட்_டூட்டி:
திரும்பவும் வரலாம்மா. இப்போது வேண்டாம், எல்லாம் நன்றாக ஆறட்டும். அப்புறம் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். இப்போதைக்குக் கொப்புளத்தைத் தளர்வான பருத்தித் துணியால் மூடி வையுங்கள். வீட்டில் அம்மை வராத கர்ப்பிணி யாராவது இருந்தால் தள்ளியே இருக்கட்டும்.

செம்மண்:
பெரியப்பாவிடம் இப்போது போன் போட்டுக் கேட்டேன். தோளில் அப்பப்போ இன்னும் சுருக்கென்று குத்துமாம், பனியில் படுத்ததால் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். பெரியம்மாவுக்கும் 70 ஆகிறது. அந்த ஊசி அரியலூரில் கிடைக்கிறதா, தஞ்சாவூர் போகணுமா? காவியைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்லாதீர்கள், மனுஷன் தூங்கினாரே.