இஷிகாமியை மன்னித்தவர்களும் மன்னிக்காதவர்களும்

சென்னை, வங்கி ஊழியர்:

கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலைப் படித்தவர்கள் மட்டும் இதைத் தொடர்ந்து வாசியுங்கள். முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச வழியில்லை. பக்கத்து வீட்டு யாசுகோவின் கையால் அவள் முன்னாள் கணவன் இறந்துவிட, அவளைக் காப்பாற்ற இஷிகாமி போடும் சூழ்ச்சிதான் கதை.

எங்கள் கிளையில் மதியச் சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர் உட்காருவோம். என் பிரதியை முதலில் காசாளர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் வழியாகக் கடன் பிரிவில் இருக்கும் தம்பிக்குப் போனது. அக்கா கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, “இப்படி ஒரு மனிதன் ஒருத்திக்காகத் தன்னையே கொடுப்பானா?” என்று கண் கலங்கினார். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவன் தன்னைக் கொடுக்கவில்லை அக்கா, இன்னொருத்தனைக் கொடுத்தான்” என்றான். அக்கா டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் மேசையில் பேச்சே இல்லை.

2005இல் ஜப்பானில் புத்தகமாக வந்தது, அடுத்த ஆண்டு ஜனவரியில் அங்கே பெரிதாக மதிக்கப்படும் நவோகி இலக்கிய விருது பெற்றது. ஜப்பான், கொரியா, சீனா என்று மூன்று நாட்டிலும் படமானது. கடைசியாக இந்தியிலும் வந்துவிட்டது. இவ்வளவு பேர் கொண்டாடிய கதை ஒரு சாப்பாட்டு மேசையை இரண்டாகப் பிளந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் படித்து முடித்தபோது என்ன நடந்தது? கதைச் சுருக்கம் வேண்டாம், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

திண்டுக்கல், கணித ஆசிரியை:

நான் காசாளர் அக்காவின் கட்சி. அதை ஒளிக்கப்போவதில்லை.

நாவலில் இஷிகாமி உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர். பெரிய ஆராய்ச்சியாளராக வரவேண்டியவர், குடும்பச் சூழ்நிலையால் கணக்கே பிடிக்காத பிள்ளைகளுக்கு மறுதேர்வு வைத்துக்கொண்டிருக்கிறார். தன் கேள்வித்தாள் பற்றி அவர் ஒன்று சொல்வார்: பார்த்தால் வடிவியல் கணக்குப் போலிருக்கும், உண்மையில் அது சார்புகளைப் பற்றிய கணக்கு. மாணவனின் கண்மூடித்தனத்தைத்தான் கேள்வி குறிவைக்கிறது.

படித்த வாரமே என் பத்தாம் வகுப்பில் செய்து பார்த்தேன். “ஒரு செங்கோண முக்கோணத்தின் சுற்றளவு 30 செ.மீ., கர்ணம் 13 செ.மீ. மற்ற இரு பக்கங்களைக் காண்க.” அவ்வளவுதான் கேள்வி. வகுப்பில் பாதிக்கு மேல் அளவுகோலும் கவராயமும் எடுத்துவிட்டார்கள். முக்கோணம் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, தாளே ஓட்டையாகிவிட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் படமே போடவில்லை. கூட்டல் 17, வர்க்கங்களின் கூட்டல் 169, ஆகவே பெருக்கல் 60 என்று எழுதி, 5, 12 என்று விடை போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கோணம் என்ற சொல்லைப் பார்த்ததும் மற்றவர்களின் கை தானாகக் கவராயத்துக்குப் போய்விட்டது. அன்றைக்குத்தான் போலீஸ்காரர் குசனாகி ஏன் தோற்றார் என்று எனக்குப் புரிந்தது.

ஆளை மறந்து திறமையை மட்டும் மதிப்பதாக நினைக்காதீர்கள். தூக்குக் கயிற்றை மாட்டிவிட்டு நின்றவனின் கதவு மணியை, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த தாயும் மகளும் அடிக்கிறார்கள். வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள், வேறொன்றும் இல்லை. அந்த ஒரு மணியோசையில் உயிர் பிழைத்தவன் அந்த உயிரை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறான். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரும்பலகை முன்னால் நிற்கிறேன். எவரும் கவனிக்காத ஆசிரியரின் தனிமை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் நான் அழுதேன்.

திருச்சி, காவல்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்:

டீச்சரம்மா சொன்ன கவராயம் எங்கள் வேலையிலும் உண்டு. நாங்கள் அதைத் தேதி என்போம்.

யாசுகோவின் முன்னாள் கணவன் தொகாஷி இறந்தது மார்ச் 9. ஆற்றங்கரையில் முகம் சிதைந்து, விரல் நுனிகள் எரிந்து கிடைத்த உடல், மார்ச் 10இல் இஷிகாமி கொன்ற வேறொருவனுடையது. அதைத்தான் தொகாஷி என்று போலீஸ் நம்புகிறது. போலீஸ் யாசுகோவிடம் பத்தாம் தேதி எங்கே இருந்தாய் என்று கேட்கிறது. அவள் சினிமாவுக்குப் போனேன் என்கிறாள். உண்மையிலேயே போயிருந்தாள், டிக்கெட்டின் துண்டும் இருக்கிறது. மெய்யான சாட்சியத்தைப் பொய்யென்று நிரூபிக்க ஒரு படையே அலைகிறது.

நான் பணியில் இருந்தபோது ஒரு வழக்கில் முதல் தகவல் அறிக்கையில் ஒரு கிழமை தவறாக ஏறிவிட்டது. எந்த ஊர், எந்த நிலையம் என்பது வேண்டாம். அதன் பிறகு வந்த ஒவ்வொரு வாக்குமூலமும் அந்தக் கிழமையைச் சுற்றியே கேட்கப்பட்டது. சாட்சிகள் தடுமாறினார்கள், நாங்கள் அவர்களைச் சந்தேகப்பட்டோம். தவறு எங்கள் முதல் தாளில் இருந்தது என்று தெரிய நான்கு மாதம் ஆனது. அதனால் இந்த நாவலில் போலீஸை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று குறை சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். இப்படித்தான் நடக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. யுகாவா என்ற அந்த இயற்பியல் பேராசிரியர் கடைசியில் எல்லாவற்றையும் சொல்கிறாரே, அவர் கையில் சான்று எது? நீதிமன்றத்தில் நிற்கிற ஒரு துண்டுத்தாள் இல்லை. யூகம் மட்டுமே.

டோக்கியோ, மென்பொருள் பொறியாளர், சொந்த ஊர் கும்பகோணம்:

ஐயா, நீங்கள் கேட்ட அதே கேள்வியை ஜப்பானில் எழுத்தாளர் நிகைடோ ரெய்டோ எழுப்பி, அது அங்கே பெரிய விவாதமாகவே நடந்தது. துப்பறியும் கதையில் ‘ஹொன்காகு’ என்று ஒரு மரபு இங்கே உண்டு. துப்பறிகிறவனுக்குத் தெரிகிற எல்லாத் தடயமும் வாசகனுக்கும் தெரிய வேண்டும், வாசகனும் தர்க்கத்தால் விடையை எட்ட முடிய வேண்டும். இந்த நாவலில் அது முடியாது, ஆகவே இது ஹொன்காகு ஆகாது என்பது அவர் வாதம். பலர் மறுத்து எழுதினார்கள். கடைசியில் ஹொன்காகு மர்மக் கதைக்கான விருதையே இந்த நாவல் வாங்கிவிட்டது.

நான் மறுத்தவர்களின் பக்கம். காரணம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை.

இஷிகாமி காலை 7.35க்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார் என்றுதான் நாவல் தொடங்குகிறது. அதே நேரத்துக்கு ஷின் ஒஹாஷி பாலத்தருகே போய் நின்றேன். மஞ்சள் தூண் வைத்த பாலம். அங்கிருந்து படியிறங்கி, சுமிதா ஆற்றை ஒட்டிய நடைபாதையில் கியோசு பாலம் வரை நடந்தேன். 1928இல் கட்டியது, நீல நிறம், காலை வெயிலில் ஆற்றுக்குள் இறங்கிவிடும்போலத் தோன்றும். நடந்துகொண்டே முதல் அத்தியாயத்தைக் கைப்பேசியில் மறுபடி படித்தேன். ஆற்றோரம் நீல விரிப்புக் கூடாரங்கள். காலி டப்பாக்களை நசுக்கிக்கொண்டிருக்கும் ஒருவன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவன்: வந்து சில நாள்தான் ஆகியிருக்கும், வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் போகாதவன், கையில் தொழில்துறைப் பத்திரிகை. அவனை இஷிகாமி மனத்துக்குள் ‘பொறியாளர்’ என்று அழைக்கிறார்.

விடை அங்கேயே இருந்தது. கதை தொடங்கிச் சில பக்கங்களுக்குள்ளேயே ஹிகாஷினோ அதை நம் முன்னால் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். நாம்தான் அவனைக் கடந்து நடந்துவிட்டோம். நானும் ஒரு பொறியாளன். அன்று அந்தப் பெஞ்சுகளில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

கோவை, செவிலியர்:

டீச்சர் அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இந்த நாவலைப் படிக்கும்போது மூச்சு முட்டியது. துக்கத்தால் அல்ல.

விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். நல்லவர் என்று பெயர். மழையில் குடையோடு வந்து நிற்பார். ஒருமுறை நான் கேட்காமலேயே என் விடுதிக் கட்டணத்தைக் கட்டிவிட்டார். தோழிகள் “எவ்வளவு நல்ல மனசு” என்றார்கள். அதற்குப் பிறகு எந்தப் பேருந்தில் வந்தேன், யாரோடு பேசினேன் என்று அவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. பட்ட கடன் வாயைக் கட்டிவிட்டது. இரண்டு மாதம் இரவுப் பணி பார்த்துச் சேர்த்த பணத்தை ஒரு உறையில் போட்டு அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

யாசுகோ கணவனின் கையிலிருந்து தப்பினாள். அதன் பிறகு தினமும் மாலையில் பொதுத் தொலைபேசியிலிருந்து இஷிகாமி கூப்பிடுகிறார். அவள் எடுக்க வேண்டும், சொல்ல வேண்டும். பழைய நண்பர் ஒருவர் அன்பாகப் பேசவந்தால்கூட, பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று அவள் பயப்படுகிறாள். ஒருவனிடமிருந்து விடுபட்டு இன்னொருவனிடம் மாட்டிக்கொண்டோமா என்று அவளே யோசிக்கிறாள். கடைசியில் இஷிகாமி எழுதிய மிரட்டல் கடிதங்கள்கூட அவளைக் காப்பாற்றப் போட்ட நாடகம் என்று தெரியவருகிறது. தெரியட்டும். அந்த நாள்களில் அவள் பட்ட பயம் நாடகம் இல்லையே?

எவரும் யாசுகோவிடம் உனக்கு இது வேண்டுமா என்று கேட்கவில்லை. அவள் மகள், சின்னப் பெண் மிசாடோ, பள்ளியில் மணிக்கட்டை அறுத்துக்கொண்டாள். இந்தத் தியாகத்தின் பாரம் அந்தக் குழந்தையின் கையில்தான் இறங்கியது. அப்படி அறுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அவர்களை வைத்து ஒரு காதலை அளக்க என்னால் முடியாது.

நெல்லை, கல்லூரி மாணவர்:

நான் சினிமா வழியாக வந்தவன். ‘பாபநாசம்’ பார்த்துவிட்டு, மலையாள மூலமான ‘த்ரிஷ்யம்’ இந்த நாவலிலிருந்து எடுத்தது என்று நண்பர்கள் சொன்னதால் படித்தேன். இயக்குநர் ஜீத்து ஜோசப் அதை மறுத்துவிட்டார். படித்தபின் எனக்கும் அவர் சொன்னதே சரியென்று பட்டது.

இரண்டிலும் தேதியில்தான் சூழ்ச்சி. ஆனால் சுயம்புலிங்கம் குடும்பத்தோடு ஊர் போய், பஸ் டிக்கெட்டும் ஹோட்டல் பில்லும் சேர்த்து, பார்த்தவர்களின் நினைவில் தேதியை நகர்த்துகிறான். அதற்காக இன்னொருவனைக் கொல்லவில்லை. இஷிகாமி தேதியை நகர்த்த ஓர் உயிரை எடுத்தார். அதனால்தான் திரையரங்கில் சுயம்புலிங்கத்துக்குக் கைதட்டிய என்னால் புத்தகத்தை மூடிவிட்டுக் கைதட்ட முடியவில்லை.

மதுரை, தன்னார்வலர்:

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கும்பகோணம் தம்பி பெஞ்சைப் பற்றி எழுதிவிட்டதால் எழுதுகிறேன்.

உரிமை கோரி எவரும் வராத உடல்களை அடக்கம் செய்யும் சிறு குழுவில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். பிணவறையில் தரும் தாளில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 50.’ சட்டைப் பையில் என்ன இருந்தது என்று நான் எப்போதும் கேட்பேன். ஒருவரிடம் பல்லாவரத்திலிருந்து எடுத்த ரயில் டிக்கெட் இருந்தது. இன்னொருவரிடம் நான்காக மடித்த தையல் அளவுச் சீட்டு: மார்பு 38, கை 23. சட்டை தைக்கக் கொடுத்தவரா, தைத்துக் கொடுத்தவரா தெரியாது. பெயர் இல்லாததால் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு தேவாரம் பாடி மண் தள்ளினேன்.

நாவலில் பொறியாளருக்கு என்ன நடக்கிறது, யோசித்துப் பாருங்கள். ஏதோ வேலை என்று இஷிகாமி சொன்னதை நம்பி, தொகாஷி வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போகிறான். அவன் தலைமுடி அங்கே உதிர்கிறது, கைரேகை பதிகிறது. கூரையுள்ள ஓர் அறையில் ஒரு பகலாவது நம்பிக்கையோடு இருந்திருப்பான். அந்த முடியையும் ரேகையையும் வைத்து அவனைத் தொகாஷி என்று போலீஸ் முடிவு செய்கிறது. அவனுக்கு ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்ற அந்த ஒற்றை வரிகூடக் கிடைக்கவில்லை. அவனைக் கொன்றவன் எவனை வெறுத்தானோ, அவன் பெயரிலேயே எரிகிறான்.

டீச்சரம்மா, உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அழுத பக்கத்தில் நானும் அழுதேன். இஷிகாமி காவல் நிலையத்தில் ஓலமிடும் இடத்தில் அழாதவர் யார்? ஆனால் அந்த ஓலம் அவருக்காக, யாசுகோவுக்காக. பெஞ்சில் இருந்தவனுக்காக அந்தப் புத்தகத்தில் ஒருவரும் அழவில்லை.

திண்டுக்கல், கணித ஆசிரியை:

மதுரை அண்ணா, நேற்றிரவு முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். நான் மூன்று முறை படித்த நாவல் அது. அந்தப் பத்தி எனக்கு நினைவிலேயே இல்லை. நானும் படம் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

இஷிகாமி மீதுள்ள இரக்கம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். போகவில்லை. ஆனால் அவரை ‘அவர்’ என்று எழுத இன்று கை தயங்குகிறது.

சென்னை, வங்கி ஊழியர்:

என் பிரதி இன்று திரும்பி வந்தது. கொண்டுவந்து கொடுத்தது காசாளர் அக்கா. எப்போது தம்பியிடமிருந்து மறுபடி வாங்கினார் என்று தெரியவில்லை. முதல் அத்தியாயத்தில் பெஞ்சும் பத்திரிகையும் வரும் வரிகளின் ஓரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு. நான் போட்டதில்லை. தம்பியிடம் கேட்டேன், அவனும் இல்லை என்றான். மதியம் மேசையில் அக்கா அவனுக்கு வத்தக்குழம்பை ஊற்றினார்.