தைப்பூசத்துக்கு முதல் கேமரா: ரதம், தேங்காய், குகை

பட்டர்வொர்த்திலிருந்து:
புதுக் கேமரா, கூட வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான். பினாங்கு தண்ணீர்மலை தைப்பூசத்துக்கு எடுத்துப் போகணும். ஆட்டோவில் விட்டால் ராத்திரியில் ரதம் வெளுத்துப் போகுது, காவடி ஆடுறவங்க கலங்கித் தெரியுறாங்க. எதை மாத்துறது?

ஆயர் ஈத்தாமிலிருந்து:
ரெண்டும் வேற வேற கோளாறு தம்பி.

ரதம் வெளுப்பது கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் வேலை. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும் அது. படத்தில் முக்கால் பங்கு கறுப்பு வானம் என்றால் 'இருட்டாக இருக்கிறது' என்று முடிவுகட்டி மொத்தத்தையும் ஏற்றிவிடும். விளக்கு பட்டு மின்னும் வெள்ளி கரைந்து போகும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி -1 வையுங்கள், படம் ஒரு படி இருட்டாகும். பிளேபேக் மெனுவில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுவிட்டால் வெளுத்த இடம் சிமிட்டும். பல்பு சிமிட்டினால் கவலை இல்லை. வெள்ளித் தகட்டின் செதுக்கு வேலை சிமிட்டினால் -1.7 வரை இறக்குங்கள்.

கலங்குவது ஷட்டர் வேகம். டயலை எஸ்-இல் (கேனனில் டிவி) வைத்து, நடப்பவர்களுக்கு 1/250 நொடி, காவடி ஆட்டத்துக்கு 1/500 கொடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) ஆட்டோவில் இருக்கட்டும், உச்சம் 6400. ஐஎஸ்ஓ கூடிப் புள்ளி புள்ளியாக வந்த படத்தைக் கணினியில் ஓரளவு தேற்றலாம். கலங்கியதைத் தேற்ற முடியாது. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்துக்குத்தான், ஆடுகிறவரை அது நிறுத்தாது.

இன்னொன்று: அந்த லென்ஸின் திறப்பு 18-இல் எஃப் 3.5, 55-க்கு இழுத்தால் எஃப் 5.6 (எண் கூடினால் திறப்பு சிறிது). உள்ளே வரும் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். இருட்டில் ஜூமை இழுக்காமல் காலால் நடந்து கிட்டே போங்கள். வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து காலை ஆறு மணி வாக்கில் கிளம்பும். தைப்பூசம் வரும் மாதங்களில் இங்கே சூரியன் தலைகாட்ட ஏறக்குறைய ஏழரை ஆகும். முதல் ஒரு மணி நேரம் ராத்திரிக் கணக்குதான்.

பிறையிலிருந்து:
ரதத்துக்கு முன்னால் சாலையில் தேங்காய் உடைப்பதற்கு இந்தக் கணக்கு செல்லாது. 1/1000-க்குக் குறைந்தால் தெறிக்கும் தண்ணீர் வெறும் கோடு. கையை ஓங்கும்போது அமுக்கினால் சாதா படம். காய் தார் ரோட்டில் பட்டு, ஓடு பிளந்து, தண்ணீர் விசிறியாக விரியும் நொடிதான் வேண்டும். அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. காய் விழும் இடத்தில் ஃபோகஸ் பிடித்து, எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) மாற்றி, அங்கேயே பூட்டி, தொடர் ஷாட்டில் வைத்து, காய் கையைவிட்டுப் போகும்போதே அமுக்குங்கள்.

தண்ணீர் பளிச்சென்று தெரிய வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் துளி ஒன்றும் தெரியாது. வீசும் திசைக்கு எதிரே நிற்காதீர்கள், சில்லு சறுக்கிக்கொண்டு வரும். லென்ஸில் தேங்காய்த் தண்ணீர் பட்டால் உடனே லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். காய்ந்துவிட்டால் பிசுபிசுக்கும்.

செந்தூலிலிருந்து:
கோலாலம்பூர் பத்துமலைப் பக்கம் வருகிறவர்களுக்கு: கொமுட்டர் ரயிலின் குளிரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். ரயிலிலேயே ஜிப் பையில் போட்டு, தோள்பைக்குள்ளேயே இருபது முப்பது நிமிடம் விடுங்கள். 272 படி ஏறி முடிக்கவே அந்த நேரம் ஆகிவிடும்லா. அதுவரை லென்ஸைக் கழற்றவும் வேண்டாம், ஈரம் சென்சாருக்குப் போகும்.

மேலே குகைக்குள் மீட்டர் தலைகீழாக ஏமாறும். கூரைத் திறப்பின் வானம் படத்துக்குள் வந்தால் பிரகாசம் என்று நினைத்து முகங்களைக் கரியாக்கும். திறப்புக்கு முதுகைக் காட்டி நின்றால் அந்த வெளிச்சமே முகத்தில் விழும். வானமும் வேண்டும் என்றால் ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு புள்ளியை மட்டும் அளப்பது) முகத்தை அளந்து, பிறகு கணினியில் திருத்த வசதியான RAW கோப்பாக எடுங்கள்.

எல்இடி விளக்கடியில் படத்தின் குறுக்கே பட்டை விழுந்தால் கேமரா பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆட்டம் கலங்குமே என்றால், சுற்றி முடித்து ஒரு கணம் நிற்பார்கள் பாருங்கள், அப்போது அமுக்குங்கள். அருள் வந்தவர் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
நிறத்தை யாரும் சொல்லவில்லை. மஞ்சளும் சிவப்பும் படம் முழுக்க நிறைந்தால் கேமரா தானே நிறத்தைச் சரிக்கட்டும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் நீலத்தைக் கலந்து ஈடுகட்டும். மஞ்சள் வேட்டி சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். பகலில் சூரியன் படம் போட்ட அமைப்பில் நிறுத்திவிடுங்கள். ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவு காட்டும் வரைபடம்) சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டினால் -0.7. முட்டவிட்டால் சிவப்புப் புடவையின் மடிப்பெல்லாம் ஒரே திட்டாகிவிடும்.

பட்டர்வொர்த்திலிருந்து:
திருவிழா முடிஞ்சதும் கேமராவைப் பையிலேயே வைக்கலாமா?

ஆயர் ஈத்தாமிலிருந்து:
கூடாது. நம்மூர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். வியர்வை பட்ட வாரைக் காய வைத்து, டிரை பாக்ஸில் 40-50 விழுக்காடு ஈரத்தில் வையுங்கள். பேட்டரியைத் தனியாகக் கழற்றிவிடுங்கள்.