டைனோவில் ஏற ஏற பவர் குறைகிறது: போலோ 1.0 டிஎஸ்ஐ, உதவி தேவை

பாளை போலோ:
போன ஞாயிறு பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தகர ஷெட்டில் நம் குழு டைனோ (சக்கரத்தை ரோலரில் ஓடவிட்டுப் பவர் அளக்கும் மெஷின்) ஏற்பாடு செய்தது. எட்டு டர்போ வண்டிகள், ஆளுக்கு மூன்று ஓட்டம். என்னுடையது ஆறு கியர் மேனுவல், கம்பெனிக் கணக்கு 110 பிஎஸ் பவர், 175 என்எம் டார்க். ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் கூட இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மட்டும் மாற்றுவது) செய்திருக்கிறேன், 135 வரும் என்று டியூனர் சொல்லியிருந்தார். வந்தது 108. அடுத்த ஓட்டம் 102. மூன்றாவது 97! காலையில் முதல் ஆளாக ஏறிய ஐ20 என் லைன் அண்ணன் தாளில் 141. அன்றிலிருந்து குழுவில் எனக்குப் பெயரே 'தொண்ணூத்தேழு' ஆகிவிட்டது.

செக் லைட் எரியவில்லை. ரோட்டில் இழுவை குறைந்ததாகவும் தெரியவில்லை. ரீமேப்பில் ஏமாந்துவிட்டேனா, இல்லை டர்போ போகப் பார்க்கிறதா?

வள்ளியூர்க்காரன்:
தம்பி, பயப்படாதீங்க. ரெண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு மேலே என்ன போட்டிருக்கு என்று முதலில் பாருங்க.

பாளை போலோ:
அட ஆமா அண்ணாச்சி. என் தாளில் 'வீல்', அவர் தாளில் 'இன்ஜின்'.

வள்ளியூர்க்காரன்:
சரி, பாதி வழக்கு முடிந்தது. ரோலர் அளப்பது சக்கரத்துக்கு வந்து சேர்ந்த பவரைத்தான். கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், டயர் எல்லாம் தின்றது போக மிச்சம். அதோடு ஒரு நஷ்டக் கணக்கைக் கூட்டினால் 'இன்ஜின்' எண். பொதுவாக 15 சதவீதம் என்று வைப்பார்கள். அது வழக்கம்தான், சத்தியவாக்கு இல்லை. அப்படிப் பார்த்தால் அவருடைய 141 சக்கரத்தில் 120. உங்களுக்குச் சொன்ன 135 சக்கரத்தில் 115. முதல் ஓட்டத்தில் நீங்கள் பின்தங்கியது ஏழு. ஆனால் 108 எப்படி 97 ஆச்சு என்பதற்கு இது பதில் இல்லை.

செங்கோட்டைச் சாரல்:
எத்தனை மணிக்கு ஏறினீர்கள்? ஓபிடி லாக், அதான் வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கும் பதிவு, இருக்கா?

பாளை போலோ:
கடைசி ஆள், மதியம் ஒன்றரை. அக்னி நட்சத்திர வெயில், மேலே தகரம். இன்டேக் வெப்பம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு) முதல் ஓட்டம் தொடங்கும்போதே 58 டிகிரி, மூன்றாவது முடியும்போது 79. முன்னால் வைத்திருந்தது கல்யாண வீட்டுப் பந்தி ஃபேன். "திருத்தம் போட்டாச்சு, வெயில் கணக்கில் வராது" என்றார் டைனோக்காரர்.

செங்கோட்டைச் சாரல்:
வரும். அவர் சொல்லும் எஸ்ஏஇ திருத்தம் ஷெட்டுக் காற்றை 25 டிகிரிக்குக் கணக்குப் பண்ணும், அவ்வளவுதான். இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் உங்கள் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் 79 இருப்பது அதற்குத் தெரியாது. ஆனால் ஈசியூவுக்கு, அதான் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, தெரியும். நாக் அடிக்கக் கூடாதென்று (சூட்டில் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதுதான் நாக்) இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுக்கும், அதாவது தீப்பொறியைத் தாமதமாக விடும், பவர் போகும்.

இன்னொன்று. இந்த இன்ஜினில், டர்போ அழுத்தின காற்றை ஆற்றும் இன்டர்கூலர் பம்பருக்குப் பின்னால் இல்லை. இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீரில் குளிர்வது. அந்தத் தண்ணீருக்குத் தனி ரேடியேட்டர், தனி மின் பம்ப். ரோட்டில் போகும்போது எதிர்காற்று அடிக்கும். ரோலரில் நிற்கும்போது அந்தத் தண்ணீர் ஒரு தடவை சூடேறிவிட்டால் லேசில் ஆறாது. ஆனாலும் ஒரு ஓட்டம்கூட ஓடாமல் 58 என்பது எனக்கு உதைக்கிறது. வண்டியை நன்றாக ஓட்டி, சூட்டோடு நிறுத்தி, சாவியை எடுத்த பிறகு பானெட்டுப் பக்கம் காது கொடுங்கள். பம்ப் மெல்ல முனகும். முனகல் மட்டும்தானா, களகளவென்று தண்ணீர்ச் சத்தமும் சேர்ந்து வருதா? சமீபத்தில் கூலன்ட், அதான் அந்தத் தண்ணீர், மாற்றினீர்களா?

பாளை போலோ:
இரண்டு மாதம் முன்னால் ஒரு வொர்க்‌ஷாப்பில் கூலன்ட் குழாய் மாற்றினார்கள். சாயங்காலம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பாளை போலோ (நான்கு நாள் கழித்து):
களகளதான்! குடத்தைச் சரித்த மாதிரி. குழாய் மாற்றியபோது காற்றை முழுசாக எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். வேறு இடத்தில் வேக்கம் போட்டு, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு நிரப்பினோம், முக்கால் லிட்டர் கூடக் குடித்தது. இன்று விடியக்காலை நாங்குநேரி ரோட்டில் இரண்டாம் கியரில் மட்டும் இழுத்து லாக் எடுத்தேன், வேகம் தொண்ணூறைத் தாண்டவில்லை. இன்டேக் 41-லேயே நிற்கிறது. காலைக் குளிரும் சேர்ந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்று மதியமும் ஒன்று எடுத்து வைத்திருந்தேன்: 52.

வள்ளியூர்க்காரன்:
அப்போ ரீமேப்காரரைத் திட்டினதை வாபஸ் வாங்கிக்கோங்க தம்பி. அடுத்த தடவை எல்லோருக்கும் வீல் எண் மட்டும், நாலாம் கியர், ஒரே டயர் காற்று. ஒருவர் மூன்றையும் அடுத்தடுத்து ஓட வேண்டாம். ஆளுக்கு ஒன்றாகச் சுற்றி வந்தால் வண்டி ஆறும். ஃபேன் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கல்லிடை ஸ்விஃப்ட்:
பழைய 1.3 டீசல், ரீமேப் பண்ணினது. கொண்டு வரலாமா?

வள்ளியூர்க்காரன்:
கொண்டு வாரும்வே. புகைக்குழாயை மட்டும் வாசல் பக்கம் திருப்பி நிறுத்தணும்.