ஆடு குட்டியைச் சேர்க்க மாட்டேங்குதா? வாசனையில்தான் சிக்கல்

ஈன்ற ஆடு ஒரு குட்டியை ஊட்டவிட்டு மற்றதை முட்டித் தள்ளுகிறதென்றால், பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் காரியம் கெட்டிருக்கும். குட்டி வெளியே வரும்போது பிறப்புப் பாதை விரியும். அதனால் தாயின் மூளையில் ஆக்சிடோசின் சுரக்கும். மற்ற நாளில் பனிக்குட நீர் வாடை பட்டாலே ஒதுங்குகிற ஆடு, அந்த நேரத்தில் மட்டும் அதைத் தேடி நக்கும். நக்க நக்கக் குட்டியின் வாசனை பதிந்துவிடும். செம்மறிக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். வெள்ளாட்டுக்கு, ஈன்ற உடனே 5 நிமிடம் நக்கக் கிடைத்தாலே போதும்.

குட்டி மடியில் முட்டும்போது தாய் கழுத்தைத் திருப்பி அதன் வாலடியை மோந்து பார்ப்பதைக் கவனியுங்கள். தூரத்தில் குரலையும் உருவத்தையும் வைத்துக் கண்டுபிடிக்கும். பால் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த மோப்பத்தில்தான் முடிவாகும்.

ஆகவே மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை மட்டும் எடுத்துவிடுங்கள், மிச்சத்தைத் தாய் நக்கட்டும். சோப்பு, டெட்டால் கூடவே கூடாது. டிங்சர் அயோடின் தொப்புளோடு நிற்கட்டும். இரட்டைக் குட்டியில் இரண்டாவது வரும் நேரம் முதல் குட்டி தள்ளிப் போய்விடும். அதைத் தூக்கித் தாயின் முகத்தருகே விடுங்கள்.

* * *

மேலே சொன்னது சரி. ஆனால் முட்டுகிற ஆடெல்லாம் வாசனைக்காக முட்டுவதில்லை. மோந்து பார்த்துவிட்டு முட்டினால் வாசனை. மோந்து பார்த்து அமைதியாக நின்று, காம்பில் வாய் பட்டதும் துள்ளினால் மடியில் வலி. தொட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் சூடாகவோ கல்லாகவோ இருந்தால் மடிநோய், டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதான்.

எதுவானாலும் சீம்பால் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். 2 கிலோ குட்டிக்கு முதல் 24 மணி நேரத்தில் 200 மில்லி, நாலைந்து தடவையாக. முதல் தடவை 2 மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும்.

* * *

தாயில்லாக் குட்டியை வேறு ஆட்டோடு சேர்க்க நல்ல நேரம், அந்த ஆடு ஈனும் நேரமே. பனிக்குட நீரை ஒரு சட்டியில் பிடித்து, வந்த குட்டியின் தலை, முதுகு, முக்கியமாக வாலடி நனையத் தேயுங்கள். முதலில் இதைக் காட்டி, நக்க ஆரம்பித்ததும் சொந்தக் குட்டியையும் பக்கத்தில் விடுங்கள். வந்தது ஒரு நாள் மூத்த குட்டியானால் சீம்பாலை எல்லாம் அதுவே குடித்துவிடும். சொந்தக் குட்டிக்கு முதலில் ஊட்டிவிடுங்கள்.

சொந்தக் குட்டி செத்துவிட்டால் அதன் தோலை உரித்து, நாலு காலுக்கும் ஓட்டை விட்டு, வந்த குட்டிக்குச் சட்டை போல மாட்டலாம். வாலடித் தோல் கட்டாயம் இருக்க வேண்டும். அதை வெட்டிவிட்டால் பாதி வேலை வீண். இரண்டு மூன்று நாளில் கழற்றிவிடுங்கள். நம் வெயிலுக்கு அதற்கு முன்பே நாறினால் உடனே எடுத்துவிட வேண்டும். கரு கலைந்து விழுந்த குட்டி, நோயில் செத்த குட்டி என்றால் தோலைத் தொடவே வேண்டாம். கருவைக் கலைக்கிற புருசெல்லா என்ற கிருமி மனிதருக்கும் தொற்றும்.

தாயின் மூக்கில் தைலம் தடவுவது வாசனையைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். அதைவிட, தாய் திரும்பி மோப்பம் பிடிக்க முடியாதபடி தலையை இரண்டு கட்டைக்கு நடுவே நிறுத்தி, 3 முதல் 5 நாள் ஊட்டவிடுவது நம்பகமானது. படுக்க, தின்ன, தண்ணீர் குடிக்க இடம் இருக்க வேண்டும். அந்த ஆட்டின் பாலையே குடிக்கக் குடிக்கக் குட்டியின் வாசனையும் மாறும். அவிழ்த்துவிட்ட பிறகு வாலடியை மோந்து பார்த்தும் நகராமல் நின்று ஊட்டவிட்டால் சேர்ந்துவிட்டது. முட்டினால் மறுபடி கட்டையில் நிறுத்துங்கள்.